சங்கரா ராஜாவின் நாற்பது நாள்

வரலாற்றில் ஃபெயிலானவள் வரலாறு நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ராயபுரத்து சில்வியா இன்றைக்கும் எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்துக்கொண்டிருப்பாள். நல்லவேளை, சட்டம் எழுதுகிறவர்களுக்கு அந்தளவுக்கு யோசனை போகவில்லை.

அப்பா சிலுவைமுத்து ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டினவர். மகள் பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டு, சமூக அறிவியலில் மட்டும் இருபத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்பது அவள் தலையில் ஒட்டவே ஒட்டாது. ஆனால் அந்த ராஜா காலையில் இன்னா துன்னான், பல்லு வலிச்சா யாராண்ட போனான், அவன் துணியை யார் துவைச்சாங்க என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தக் காலத்து டீச்சர் ஒரே வரியில் வாயை அடைத்தார்: "அதெல்லாம் பரீட்சைக்கு வராது." அட போங்கம்மா! வாழ்க்கையில் முக்கால்வாசி பரீட்சைக்கு வராததுதானே. அதைச் சொல்ல அப்போது அவளுக்கு வயசு போதவில்லை.

மறுபடி எழுதித் தேறினாள். இறால் ஷெட்டில் எட்டு வருஷம் இருந்தாள். அங்கிருந்துகொண்டே தபால் வழியில் பி.ஏ. படித்தாள், அதுவும் எந்தப் பாடம் அவளைக் கவிழ்த்ததோ அதே வரலாறு. பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வெல்டராக இருக்கும் ஜெரியைக் கட்டிக்கொண்ட பிறகு, முப்பத்துமூணு வயசில் பி.எட். சேர்ந்தாள். அவள் படித்து முடிக்கிறவரைக்கும் வீட்டில் ஜெரிதான் சமையல். அவன் சாம்பார் வைத்தால் ரசம் மாதிரி இருக்கும், ரசம் வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கும். "துன்னுட்டுப் படி. பாஸாயிட்டு வந்து நீ ஆக்கு, நான் குறை சொல்றேன்" என்பான். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்சந்தில் இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. என்ன டீச்சர்? தையல் டீச்சர்! ஒன்பது வருஷம் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து அறையில் வரலாற்று டீச்சர் பானிப்பட்டுப் போரை வாசித்துக்கொண்டே போவார், இவள் இங்கே ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பல்லைக் கடிப்பாள். அந்த டீச்சர் ஓய்வு பெற்றுப்போய், வேறு ஆளும் கிடைக்காமல், போன ஜூனில்தான் தலைமையாசிரியர் கிருஷ்ணப்பன் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஆறாவது பி-க்கு மட்டும் வரலாறு நீங்க பாருங்க" என்றார். அன்றைக்கு சில்வியா வீட்டுக்கு நடந்து போகவில்லை. நாற்பத்துநாலு வயசுக்காரி தெருவில் ஓடினால் நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் ஓடினாள்.

கிருஷ்ணப்பன் சார் கெட்டவர் இல்லை. தங்கமான மனுஷர். ஒரே வியாதி, அவருக்குச் சத்தம் ஆகாது. வகுப்பு என்றால் பேனா பேப்பரில் கீறுகிற சத்தம் மட்டும்தான் அவர் காதுக்கு வரவேண்டும்.

ஆறாவது புத்தகத்தில் எகிப்து ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலே வரி. பிரமிட், அதைக் கட்டின ராஜா, கல்லின் எடை, அவ்வளவுதான். மற்றவர்கள் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள். சில்வியா அந்த நாலு வரிக்குள்ளே பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

முதல் ஆட்டத்துக்குப் பேர் 'படம்'. மிஸ் "படம்!" என்று கத்தினால் முப்பத்தொரு பேரும் எகிப்துச் சுவர்ச் சித்திரம் மாதிரி அப்படியே நிற்கவேண்டும். முகம் பக்கவாட்டில், தோள் ரெண்டும் நேரே, கால் மறுபடி பக்கவாட்டில், கண் மட்டும் முழுசாக நேரே பார்க்கவேண்டும். "மூஞ்சி அந்தாண்ட கீது, கண்ணு மட்டும் எப்டி மிஸ் இந்தாண்ட வரும்?" என்று கேட்டாள் புளியந்தோப்பிலிருந்து வருகிற மதி. மறுநாள் கன்னத்தில் மையால் ஒரு முழுக்கண் வரைந்துகொண்டு வந்துவிட்டாள். அவங்க ஏன் அப்படி வரைஞ்சாங்க என்று சில்வியா சொன்னாள்: ஆளோட ஒவ்வொரு பாகமும் எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியுமோ அப்படியே வரையணும், ஏதாவது விட்டுப்போச்சுன்னா செத்தபிறகு அந்த உலகத்துல கை இல்லாம, கண் இல்லாம திண்டாடணும்னு அவங்களுக்குப் பயம். மதிக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

அடுத்தது இதயத்தை நிறுக்கிற ஆட்டம். செத்தவனுடைய இதயத்தை ஒரு தட்டிலும் இறகை ஒரு தட்டிலும் வைத்து, நரித்தலைத் தெய்வம் நிறுத்துப் பார்க்கும், இதயம் கனத்தால் மறு உலகம் கிடையாது என்பது எகிப்துக்காரர் நம்பிக்கை. பஞ்சில் ஒரு இதயம் செய்தார்கள். சொன்ன பொய் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு புளியங்கொட்டை சேரும். நரித்தலைத் தெய்வம் யார்? அமான். பார்த்தால், அவனுடைய தோஸ்துகள் வருகிறபோதெல்லாம் எத்தனை புளியங்கொட்டை இருந்தாலும் இறகுத் தட்டுதான் கீழே இறங்கியது. பயல் கட்டைவிரலால் தட்டை அமுக்கிக்கொண்டிருந்தான்! மீன் மார்க்கெட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? சில்வியா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டேய், எகிப்துக்காரனும் இதே தில்லாலங்கடிதான்டா. என்னைக் காட்டிக்குடுத்துராதேன்னு இதயத்துக்கே மந்திரம் சொல்லிக் கெஞ்சினான்" என்றாள். "அப்ப அவனும் நம்ம ஏரியாதான் மிஸ்!" என்றான் அமான்.

மூணாவது ஆட்டம்தான் வினையானது. எகிப்தில் ராஜா முதல் கூலிக்காரன் வரைக்கும் ஆடின செனட் என்கிற ஆட்டம். நம்ம தாயம் மாதிரி, ஆனால் முப்பது கட்டம். சில்வியா அதை வராந்தாவில் சாக்பீஸால் பெரிசாகப் போட்டு, பிள்ளைகளையே காயாக நிறுத்தினாள். பிளந்த மூங்கில் குச்சி நாலைத் தூக்கிப் போட்டு, எத்தனை வெள்ளைப்பக்கம் விழுகிறதோ அத்தனை கட்டம் நகரவேண்டும். இருபத்தேழாவது கட்டம் தண்ணீர். அதில் கால் வைத்தால் முங்கிப்போய் பதினைந்தாவது கட்டத்துக்குத் திரும்பவேண்டும். ஆட்டம் சூடேறி, இரைச்சல் காசிமேட்டு மீன் ஏலத்தைத் தாண்டிப் போனது. அப்போதுதான், "என்ன இது சந்தைக்கடையா?" என்று கேட்டுக்கொண்டே கிருஷ்ணப்பன் சார் வேகமாக வந்து, சரியாக இருபத்தேழில் காலை வைத்தார்.

"சாரு தண்ணில உயுந்துட்டாரு!" என்று வராந்தாவே அலறியது. "சார்! பதினஞ்சுக்குப் போ சார்!"

பத்து நிமிஷம் கழித்து சில்வியா அவர் அறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"பரீட்சையில வராத நாலு வரிக்கு மூணு வாரமா, சில்வியா டீச்சர்?" என்றார் கிருஷ்ணப்பன். குரலை உயர்த்தவே இல்லை. "மார்ச் முதல் திங்கக்கிழமை கல்வி அதிகாரி வராங்க. உங்க வகுப்புக்குத்தான் கூட்டிட்டு வரப்போறேன். எந்தப் பிள்ளையை எழுப்பினாலும் பதில் வரணும், சத்தம் வரக்கூடாது. வந்துச்சுன்னா வரலாறு அன்னியோட சரி. வேற ஆளைப் பார்த்துக்கறேன், நீங்க பழையபடி தையலுக்குப் போயிடுங்க."

"சரி சார்" என்றாள் சில்வியா. ஒன்பது வருஷமாகச் சொல்லிப் பழகின வார்த்தை, தானாக வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஜெரியிடம் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. ஒன்பது வருஷம் வெளியே நின்று ஏங்கின சோற்றை, ஒரு கவளம் வாயில் வைத்ததும் பிடுங்குவார்களா? பயந்துபோய் நாலு வரியை நூறு தடவை எழுத வைத்தாளா என்றால், அதுதான் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கப் போனவள், உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். சத்தம் போடாத ஆட்டம் ஒன்று இருக்கிறதே! உப்பில் கிடக்கிற மீன் சத்தமா போடும்?

திங்கட்கிழமை ஒரு சங்கரா மீனோடு வகுப்புக்கு வந்தாள். நல்ல சிவப்பு, முழங்கை நீளம். "இவர் செத்துப்போன ராஜா. இவரை நாம மம்மி ஆக்கப்போறோம். எகிப்துலயே மீனை மம்மி ஆக்கியிருக்காங்க, தெரியுமா?" என்றாள். "நாற்பது நாள் ஆகும். ராஜா தூங்கறாரு, அதனால வகுப்புல யாரும் கத்தக்கூடாது."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப்போன கதைதான். கருவாட்டுக்காரி தாயம்மாவின் மகள் டெபோரா எழுந்து வந்து, "தள்ளு மிஸ், நீ கையை வெட்டிக்குவ" என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். எகிப்து முறைப்படி இடது பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கீறல். அதன் வழியாகக் குடலை எடுத்தாள், இதயத்தை மட்டும் தொடாமல் விட்டாள். ஒரே நிமிஷம்தான் ஆனது. எகிப்துக்காரர் பயன்படுத்தின நேட்ரான் என்கிற உப்புக்குப் பதிலாக, சாப்பாட்டு உப்பையும் ஆப்பசோடாவையும் கலந்து தெர்மகோல் பெட்டியில் நிரப்பி, ராஜாவைப் படுக்க வைத்தார்கள். தினமும் ஒருத்தர் எடை போட்டு நோட்டில் குறிக்கவேண்டும், ஒருத்தர் படம் வரையவேண்டும். ராஜா நாளுக்கு நாள் இளைத்தார். பெட்டியின் மேலே நைல் நதியும் தாமரையும் பக்கவாட்டு மனிதர்களுமாகச் சித்திரம் ஏறியது. கேள்விக்கு மேல் கேள்வி கிசுகிசுப்பாக வந்தது. மூக்கு வழியா மூளையை எப்டி மிஸ் எடுத்தாங்க? ஏன் இதயத்தை மட்டும் வுட்டாங்க? மம்மி பண்றவருக்கு நாத்தம் புடிக்கலைன்னா லீவு தருவாங்களா?

கிருஷ்ணப்பன் சார் ரெண்டு மூணு தடவை வாசலில் நின்று பார்த்தார். "இப்பதான் வகுப்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ராயபுரத்தில் மீன் வாடைக்கு மூக்கைப் பிடித்தால் மூச்சுவிடுவது எப்போது?

நாற்பது நாள் முடிந்த சனிக்கிழமை ராஜாவை வெளியே எடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். தோல் காகிதம் மாதிரி, உடம்பு மரக்கட்டை மாதிரி, முகம் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை காலையில் துணி சுற்றிவிட்டால் அதிகாரிக்குக் காட்டலாம். ஒரு நாள் வெயில் பட்டால் நல்லது என்று டெபோரா பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவர்கள் மொட்டைமாடியில் கருவாடு காயப்போடுகிற வலை இருக்கிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கொடுத்து, "இத்த மாடில காய வெச்சிரும்மா, நாளிக்கு ஸ்கூலுக்கு வோணும்" என்று சொல்லிவிட்டுச் சர்ச்சுக்கு ஓடினாள்.

தாயம்மா அந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முப்பது வருஷத் தொழில்காரி. முழு மீன், பிளக்கவில்லை, கீறவில்லை, பக்கத்தில் மட்டும் ஒரு ஓட்டை. எந்தக் கழுதை இப்படிக் கருவாடு போட்டது? இது நாளைக்கு நம்ம பொண்ணு கையால் ஸ்கூலுக்குப் போனால் தாயம்மா மானம் என்ன ஆகும்? உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முதுகுப்பக்கம் கத்தியை இறக்கி, தலையோடு சேர்த்து ரெண்டாகப் பிளந்து, புத்தகம் மாதிரி விரித்து, சதையில் வரிவரியாகக் கீறி, நல்ல உப்பாகப் போட்டுத் தேய்த்து, சாயங்காலம் வரைக்கும் வலையில் காயவைத்து, ஒழுங்காகப் பேப்பரில் சுற்றித் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மகளுக்கு உதவி பண்ணின திருப்தியில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். திங்கட்கிழமை காலையில் பேப்பரைப் பிரித்ததும் முப்பத்தொரு பேரும் பெட்டியைச் சுற்றி நெருங்கினார்கள். நாற்பது நாள் தூங்கின சங்கரா ராஜா, அசல் முதல்தரக் கருவாடாகப் படுத்திருந்தார்.

"உங்கம்மா ராஜாவைக் கொன்னுட்டாங்க!" என்று அமான் கத்தினான். "ராஜா முன்னாடியே செத்துட்டாருடா லூசு!" என்று டெபோரா அழுதுகொண்டே கத்தினாள். அந்தச் சத்தத்துக்குக் கிருஷ்ணப்பன் சார் வந்தார், பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீச்சர், இதை எடுத்து மறைச்சு வைங்க. நான் அஞ்சு கேள்வி எழுதித் தரேன். பதிலை அரை மணி நேரத்துல மனப்பாடம் பண்ண வைங்க. அதோட தப்பிச்சுக்கலாம்" என்றார். அவர் மனசறிந்து உதவிதான் செய்தார், அதையும் சொல்லவேண்டும்.

சில்வியா எடை நோட்டைக் கையில் எடுத்தாள். அஞ்சு கேள்வி, அஞ்சு பதில். சொன்னபடி கேட்டால் ஒருவேளை வரலாறு கையில் நிற்கும். ஆனால் அப்படி நிற்கிறது வரலாறா? இந்தப் பிள்ளைகள் நாற்பது நாள் குறித்துவைத்த நோட்டுக்கு அப்புறம் என்ன மரியாதை? தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

"மறைக்க வேணாம் சார்" என்றாள். "அமான், நீ ஓடிப்போய் தாயம்மா அக்காவைக் கடையிலேர்ந்து கையோட கூட்டிட்டு வா."

கிருஷ்ணப்பன் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

கல்வி அதிகாரி சுஜா மேடம் மெலிந்த உடம்பு, கண்ணாடி, கையில் ஃபைல். உள்ளே வந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். பாவம், சைவம். அவர் முதலில் புத்தகத்துக் கட்டத்திலிருந்தே கேட்டார். பிரமிட் எந்த நாடு, எந்த ஆறு, எந்த ராஜா? பதில் டக் டக்கென்று வந்தது. கிருஷ்ணப்பன் சாருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "சரி, மம்மின்னா என்ன?" என்று கேட்டார் மேடம்.

வகுப்பு மொத்தமும் சில்வியா பக்கம் திரும்பியது.

அவள் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்துத் திறந்தாள். "நாங்களே ஒண்ணு செஞ்சோம் மேடம். நாற்பது நாள். நேத்து கெட்டுப்போச்சு. எப்படிக் கெட்டுச்சுன்னு..."

"யாரு கெட்டுப்போச்சுன்னது?"

வாசலில் தாயம்மா நின்றுகொண்டிருந்தாள், பின்னால் அமான். கையில் உப்பு, கண்ணில் நெருப்பு. "இத்தினி வருசமா கருவாடு போடறேன், என் கருவாட்டுல ஒரு புயு காட்டு பாப்போம்! முயு மீனா போட்டா நடுமுள்ளாண்ட ஈரம் நிக்கும், அயுகிப் பூடும். ஒனக்குத் தெரியுமா டீச்சரம்மா?"

"யக்கா, எகிப்துல மூவாயிரம் வருசமா அயுகல!" என்று எழுந்தாள் மதி.

"எவன் பாத்தான்?"

"மியூசியத்துல கீது! எல்லாரும் டிக்கெட் வாங்கினு பாக்கறாங்க!" என்றான் அமான்.

தாயம்மா யோசித்தாள். தொழில் விஷயமல்லவா? "இன்னா உப்பு போட்டானுங்க?"

"காஞ்சுபோன ஏரில தானா வெளையற உப்பும்மா. உப்பும் சோடாவும் ஒண்ணா கலந்து கெடக்கும்" என்றாள் டெபோரா.

"சோடாவா?" தாயம்மா முகம் மாறியது. இடுப்பில் கை வைத்தாள். "அடிப்பாவிங்களா! கருவாட்டுச் சட்டில கொயுப்பு ஒட்டிக்கினா நான் சோடா போட்டுத்தான் தேய்ப்பேன். சோடா கொயுப்பைத் துன்னும். கொயுப்பு இல்லேன்னா நாறாது, புயு வராது. படா கில்லாடிங்கடி அவனுங்க!"

சில்வியா வாயைப் பிளந்தாள். இந்த விஷயம் அவள் படித்த எந்தப் பாடத்திலும் இத்தனை தெளிவாக இல்லை. சுஜா மேடம் மூக்கிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"சரி, அத்தெல்லாம் ஒத்துக்கறேன்" என்றாள் தாயம்மா விடாமல். "ஆனா பொளக்காம முயுசா வெக்கறது இன்னாத்துக்கு? அத்தச் சொல்லு."

டெபோரா அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "உன் கருவாடு வயித்துக்கும்மா. அவங்க பண்ணது ஆளுக்கு. செத்தவங்க உசுரு ஒரு பறவை மாதிரி வெளில பறந்துட்டு, ராத்திரி ஒடம்புக்குத் திரும்பி வரும்னு நம்புனாங்க. மூஞ்சி இல்லேன்னா எது தன் ஒடம்புன்னு அதுக்குத் தெரியாது. அதான் மூஞ்சியக் கெடுக்காம வெச்சாங்க."

தாயம்மா பெட்டியைக் குனிந்து பார்த்தாள். அவள் புருஷன் ஆறு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன். படகு மட்டும் பழவேற்காடு பக்கம் ஒதுங்கியது, ஆள் வரவில்லை. அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், மேடத்துக்கு மட்டும்தான் தெரியாது.

"அப்ப ஒடம்பே கெடைக்காதவங்களுக்கு?" என்று கேட்டாள் தாயம்மா. குரல் இறங்கிவிட்டது.

சில்வியா குறுக்கே போக நினைத்தாள். நல்லவேளை, போகவில்லை.

"அதுக்கும் வெச்சிருந்தாங்கம்மா" என்றாள் டெபோரா. "அவங்க மாதிரியே ஒரு செல செஞ்சு வெப்பாங்க. பேரை எழுதி வெப்பாங்க. யாராச்சும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னா அவங்களுக்கு உசுரு வரும்னு நம்புனாங்க. சொல்ற வரைக்கும் அவங்க சாவல."

தாயம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து புருஷன் பேரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்லவைப்பாள். அவள் குடும்பத்தில் பெண்டாட்டிகள் புருஷன் பேர் சொல்லமாட்டார்கள்.

"சாலமன்" என்றாள் தாயம்மா.

ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். டெபோரா கூடச் சொன்னாள். அப்புறம் மதி. அப்புறம் யார் ஆரம்பித்தது என்று தெரியாது, ஆறாவது பி முழுசும் எழுந்து நின்று, ஹார்பர் வரைக்கும் கேட்கிற மாதிரி, "சாலமன்! சாலமன்!" என்று கூப்பிட்டது. பக்கத்து வகுப்புகள் ஓடிவந்து வாசலில் எட்டிப்பார்த்தன. தாயம்மா அழுதாள், சிரிக்கவும் செய்தாள், மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். சத்தம் ஆகாத கிருஷ்ணப்பன் சார் கதவோரத்தில் கண்ணாடியைக் கழற்றி, துடைத்துத் துடைத்து மாட்டினார். ஒரு வார்த்தைகூட அதட்டவில்லை.

சுஜா மேடம் ஃபைலை மூடினார். "பதினெட்டு வருஷமா வகுப்புகளைப் பார்க்கறேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே பேசினார். "டீச்சர், அடுத்த மாசம் இந்த வட்டாரத்து வரலாற்று ஆசிரியர்களுக்குக் கூட்டம் இருக்கு. நீங்க வந்து இந்த ஆட்டமெல்லாம் அவங்களுக்குச் சொல்லித்தரணும். இந்த அம்மாவும் வந்தா நல்லது."

"திங்கக்கியமைன்னா ஆவாது, கடை கீது" என்றாள் தாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அடுத்த வருஷம் இவங்களுக்கு எந்த வகுப்பு சார்?" என்று மேடம் தலைமையாசிரியரிடம் திரும்பினார்.

சார் மேசையில் அடுத்த வருஷ கால அட்டவணை தயாராக இருந்தது சில்வியாவுக்குத் தெரியும். அதில் அவள் பேருக்கு நேரே தையல் என்று எழுதியிருந்ததைப் போன வாரமே பார்த்துவிட்டாள்.

கிருஷ்ணப்பன் சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அறைக்குப் போய் அந்த அட்டவணையைக் கொண்டுவந்தார். வகுப்பின் நடுவே, எல்லோரும் பார்க்க, தையலைக் குறுக்கே அடித்தார். "ஆறாவது, ஏழாவது, எட்டாவது. மூணுக்கும் வரலாறு சில்வியா டீச்சர்தான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "சரிதானே டீச்சர்?" என்றார்.

'சரி சார்' என்பதுதான் வரவேண்டிய வார்த்தை. வரவில்லை. சில்வியா ரெண்டு விரலை மடக்கி வாயில் வைத்தாள், மேடம் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை, சார் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை, பள்ளிக்கூடமே அதிர ஒரு விசில் அடித்தாள்.